சான்றுப்பொருள் மூன்று

ஒன்பதிலிருந்து நான்கு மணிவரை
என் வாய் என்னுடையதல்ல.
பருத்தித்துறை நீதவான் நீதிமன்றில்
சிங்களத்தில் வருவதைத் தமிழில் இறக்குகிறேன்,
தமிழில் வருவதைச் சிங்களத்தில் ஏற்றுகிறேன்,
கூட்டாமல், குறைக்காமல்.
சத்தியம் செய்துதான் சேர்ந்தேன்.

இன்றைக்கு மணல் வழக்கு.
எதிரி றெமீசியஸ், வயது முப்பத்தொன்று, மணற்காடு.
சான்றுப்பொருள் ஒன்று, உழவு இயந்திரமும் பெட்டியும்.
இரண்டு, மண்வெட்டிகள்.
மூன்று, வெள்ளை மணல் ஒரு கியூப்,
அதற்குள் வேரோடு கிடந்த ஒரு செடி.

பெர்மிட் இல்லாத மணலுக்கு ஒரு குற்றம்.
செடிக்கு இன்னொன்று,
பெரியது.
அட்டவணையில் இருக்கிறது என்கிறார்
அதிகாரி விமலசூரிய.
இலத்தீனில் ஒரு பெயர் சொல்கிறார்,
சிங்களத்தில் ஒரு பெயர்.
தமிழ் நிரலில் சின்னக் கோடு.
மை தீர்ந்த இடமல்ல அது,
ஒருவரும் வந்து கேளாத இடம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

குடத்தனையில் அது ஆட்டுத்தும்மல்.
நாகர்கோவில் பக்கம் மணல்மூக்குத்தி,
மாசிப் பனியில் பூப்பது அவ்வளவுதான் இருக்கும், மஞ்சளாய்.
என் கணவரின் ஊரில் பெயரே இல்லை.
காலில் குத்தாத எதற்கும் அங்கே பெயரில்லை.
எதைச் சொன்னாலும் அது என் சாட்சியம் ஆகிவிடும்.
'அந்தச் செடி' என்று மொழிபெயர்த்தேன்.

றெமீசியஸ் கூண்டைப் பிடித்தபடி சொன்னான்:
'மண்தான் ஏத்தினனான் ஐயா.
செடி தானா ஏறினது.'
சபை சிரித்தது.
நான் சிங்களத்தில் சொல்லி முடிய
விமலசூரியவும் சிரித்தார், தனியாக.

ஆருக்கு ஏற்றினாய் என்று கேட்டார்கள்.
வீட்டுத்திட்டத்துக்கு என்றான்.
எங்கள் வீட்டுச் சுவர்ப் பூச்சும்
அந்த மணல்தான்.
கொண்டுவந்து கொட்டியவனிடம்
விலை கேட்டேன், வேறொன்றும் கேட்கவில்லை.
இதை மொழிபெயர்க்க எவரும் சொல்லவில்லை.

கலாநிதி நிலோஜினி சிரிக்காமல் சாட்சி சொன்னாள்.
கடல் அரைத்த சிப்பியும் சுண்ணாம்பும் கலந்து,
ஒரு சாண் கீழே நன்னீர் மிதக்கிற
மணற்பள்ளத்தில்தான் இது நிற்கும்.
வளாகத்துத் தொட்டியில் செம்மண் போட்டு,
எருப் போட்டு, நிழல் கட்டி வளர்த்துப் பார்த்தார்கள்.
நாலாம் நாள் அழுகியது.
'நல்ல மண் அதற்கு நஞ்சு' என்றாள்.
அந்த 'நல்ல' என் நாவில் கொஞ்சம் சிக்கியது.

எதிரியின் சட்டத்தரணி எழுந்தார்.
'செடியைப் பிடுங்கக்கூடாது, சரி.
செடி நிற்கிற மணலைப் பற்றி
இந்தச் சட்டத்தில் எங்காவது ஒரு வரி?'
கட்சிக்காரனைக் காப்பாற்றத்தான் கேட்டார்.
ஆனாலும் கேள்வி
மின்விசிறிக்குக் கீழே அப்படியே நின்றது.
விமலசூரிய தாளைப் புரட்டினார்,
திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார்.

தவணை, தை இருபத்திரண்டு.
இயந்திரம் பிணையில் போகும்.
மணலை ஏலத்தில் விடப்
பொலிசார் விண்ணப்பம் செய்தார்கள்.
ஏலம் என்பதற்குச் சிங்களத்தில்
எனக்குச் சொல் உடனே வந்தது.

நாலேகால்.
பொலிஸ் நிலைய முற்றத்தில் குவியல் கிடக்கிறது,
மூன்று நாள் கார்த்திகை மழையில் ஊறி,
படங்கு கிழிந்த இடத்தில் மட்டும்
உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை.
பதினொன்று எண்ணினேன்.
குனிந்து எண்ணப் பதினாலு.
இலக்கம் எழுதிய மட்டை
ஈர்க்கில் குத்தி நிற்கிறது, அதுவும் முளைத்ததுபோல.

'என்ன அக்கா தேடுறியள்?'
காவலுக்கு நின்ற பொடியன்.

என் வாய் இப்போது என்னுடையது.
'மணல்மூக்குத்தி' என்றேன்.

'ஐயோ, துலைச்சுப்போட்டியளோ?
தங்கமோ?'
கேட்டுக்கொண்டே டோர்ச்சை அடித்தபடி
சப்பாத்துக் காலோடு
குவியலில் ஏறுகிறான்,
நல்ல பிள்ளை,
எனக்காகத் தேட.

'நில்லும்!'